மூணும் நாலும் அஞ்சு

வே மருமவனே, வீட்டைக் குத்தம் சொல்ல நான் வரல. தாய்மாமன் வாயால குத்தம் வந்தா உங்க அம்மா ஏழு தலைமுறைக்கு முகம் குடுக்க மாட்டா. கிரானைட் படி, தேக்கு நிலை, மலை தெரியணும்னு மேற்க பாத்த பால்கனி, மேல ரெண்டு ரூமுக்கும் ஏசி. பணகுடி வட்டாரத்துலயே இப்படி ஒரு வீடு கிடையாதுன்னு கட்டின கொத்தனாரே சொல்லுதான். கட்டினவனே சாட்சி சொன்ன பொறவு எனக்கு என்ன பேச்சு?

ஒரே ஒரு சந்தேகம். போன வருசம் மேல் ரூமுக்கு 1 டன் ஏசி வாங்கினீரு. ஆனி பொறந்ததும் குளிரு காணலன்னு அதைக் கழட்டி அடுத்த ரூமுக்குத் தள்ளிட்டு 1.5 டன் வாங்கினீரு. இந்த ஆடிக்கு 2 டன் விலை விசாரிக்கீராமே. அடுத்த ஆடிக்கு லாரி வச்சு ஐஸ் பாறை இறக்கப் போறீரா? ரூம் அதே பத்துக்குப் பன்னெண்டு. கட்டிலும் அதே கட்டில். நீரும் ஒண்ணும் பெருசா வளந்த மாதிரித் தெரியல. பொறவு குளிரு எங்க வே போவுது?

நேத்து ராத்திரி அங்கனதான் என்னைப் படுக்கப் போட்டீரு. பால்கனிக் கதவு ராத்திரி பூரா விசிலடிச்சுது. இந்த வயசுல என்னைப் பாத்து விசிலடிக்க ஒரு ஜீவன் இருக்கேன்னு சந்தோசம்தான். ஆனா தூக்கம் வரல. எந்திரிச்சு, சாமி ரூம்ல இருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துட்டு வந்தேன். மருமவ பாத்துட்டு, மாமாவுக்கு நடுராத்திரியில பக்தி முத்திருச்சுன்னு பயந்துட்டா. பாவம், அவகிட்ட ஒண்ணும் சொல்லல.

பத்தியைக் கதவுக்குக் கீழ கொண்டு போனேன். புகை நெட்டுக்குத்தலா ஏறாம, பாம்பு மாதிரி படுத்து ரூமுக்குள்ள ஓடுது. சுண்டுவிரல விட்டுப் பாத்தேன், தாராளமா நுழையுது. அப்படின்னா 1 செ.மீ சந்து, கதவு அகலம் 1 மீட்டர். பொறவு எதுத்த சுவர் வெண்டிலேட்டர்கிட்ட போனேன். டிவி பெட்டி அட்டையை வெட்டிச் சொருகி, நாலு மூலையில செல்லோடேப் ஒட்டியிருக்கீரு. டேப்பு ரெண்டு மூலையில வாயைப் பிளந்துட்டுக் கிடக்கு. அங்கன புகை வெளிய போவுது. ஏசி குழாய் போக சுவர்ல ஓட்டை போட்டானே, அதுக்குள்ள பழைய பேப்பரைத் திணிச்சிருக்கான். அது வழியா உள்ள வருது. சுவிட்சு பெட்டிகிட்டக்கூட பத்தியோட புகை நடுங்குது வே! வயர் போற பைப்பு மொட்டை மாடி வரைக்கும் திறந்துதானே போவுது? கரண்டு வர்ற வழியில காத்தும் வருது. அதுக்கு மட்டும் மீட்டர் இல்ல.

அந்தக் கதவுச் சந்துக்கு ஒரு கணக்கு சொல்லுதேன். நீரு எஞ்சினியர், தப்புன்னா திருத்தும். சந்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்த வித்தியாசம் வெறும் 4 பாஸ்கல்னு வச்சுக்கிடும். 4 பாஸ்கல்னா ஒண்ணுமே இல்ல. கொத்தனார் வச்சிருக்கானே தண்ணி ட்யூப் லெவல், அதோட ஒரு முனை வெளியயும் ஒரு முனை உள்ளயும் இருந்தா தண்ணி அரை மில்லிமீட்டர்கூட நகராது. அந்த ஒண்ணுமில்லாததுக்கே, ஒரு மணி நேரத்துல 55 கன மீட்டர் காத்து அந்தச் சந்து வழியா வந்துரும். உம்ம ரூமே 34 கன மீட்டர்தான். மணிக்கு ஒண்ணரைத் தடவை ரூம் காத்து மொத்தமும் மாறிப் போவுது. நீரு குளிர வைக்கது ரூமை இல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையை.

இந்தக் கணக்கெல்லாம் மாமனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்கீரு. நான் முப்பது வருசம் சேம்பர்ல செங்கல் சுட்டவன், மறந்துட்டீரா? புகைக்கூண்டு என்ன சும்மா அழகுக்கா நிக்கி? 20 மீட்டர் கூண்டு, உள்ள புகை 100 டிகிரி, வெளிய 30 டிகிரி. சூடான காத்து லேசு, குளுந்த காத்து கனம். கனமானது கீழ இருந்து தள்ள, லேசானது மேல ஓட, கூண்டோட அடியில 40 பாஸ்கலுக்கு மேல இழுப்பு கிடைக்கும். அந்த இழுப்புலதான் தீ அறை அறையா நகரும். விசிறி கிடையாது, மோட்டார் கிடையாது. ரெண்டே சரக்கு: உயரம், சூட்டு வித்தியாசம். எது கூடினாலும் இழுப்பு கூடும்.

உம்ம வீடும் ஒரு சூளைதான் மருமவனே, தலைகீழ் சூளை. சித்திரையில வெளிய 38, உள்ள ஏசி போட்டு 24. இப்போ கனமானது உள்ள இருக்கு. அது பைய மாடிப்படி வழியா இறங்கி, கீழ வாசக்கதவு இடுக்குல வெளிய நழுவும். போன இடத்தை நிரப்ப, மேல இருந்து வெந்த காத்து இறங்கும். எங்கன கூடி? மொட்டை மாடிக்குப் போற ஹெட்ரூம் தகரக் கதவு இருக்குல்லா, பூனை தாராளமா வந்து போவுமே, அங்கன கூடித்தான். வாசல்ல செருப்பு போடும்போது கணுக்கால்ல ஜிலுஜிலுன்னு இருக்குன்னு உங்க அம்மா பெருமையாச் சொன்னா. அது பெருமை இல்ல வே, உம்ம கரண்டு பில்லு தெருவுல இறங்கி நடந்து போவுது.

ஆனா நியாயத்தைச் சொல்லணும். நம்ம ஊர்ல இந்த இழுப்பு சின்னதுதான். ஒரு மீட்டர் உயரத்துக்கு அரை பாஸ்கல். ரெண்டு மாடிக்கு 3 பாஸ்கல். இதுல பெரிய பயில்வானைப் பாக்கணும்னா எட்மண்டன் போவணும். மவ வீட்டுல ஆறு மாசம் கிடந்தேன்லா, கனடாவுல. வெளிய மைனஸ் 30, உள்ள 20. அம்பது டிகிரி வித்தியாசம்! அங்க மீட்டருக்கு ரெண்டரை பாஸ்கல். ஆறு மீட்டர் உயர வீட்டுக்கு 15 பாஸ்கல் வரும். அந்தப் பதினஞ்சும் ஒரே இடத்துல நிக்காது. நடுவுல ஒரு மட்டத்துல உள்ளயும் வெளியயும் அழுத்தம் சமமா இருக்கும். அதுக்குக் கீழ காத்து உள்ள வரும், மேல வெளிய போவும். அந்த மட்டம் எங்கன நிக்கும்கிறது ஓட்டை எங்கன கூடுதலா இருக்குங்கிறதப் பொறுத்தது. ஓட்டை எல்லாம் மேல இருந்தா மட்டமும் மேல ஏறிரும். பந்தியில சாம்பார் வாளி எந்தப் பக்கம் நிக்குதோ கூட்டம் அந்தப் பக்கம் சாயுத மாதிரி.

ஒரு நாள் மவ அங்க ஒரு இருபது மாடி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனா. வாசல்ல சுத்துற கதவு. நான் அதுக்குள்ள ரெண்டு சுத்து சுத்தி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்னேன். ஒரு வெள்ளக்கார அம்மா கைதட்டினா. இது எதுக்கு இந்த ராட்டினம், நல்ல கதவு ஒண்ணு போட்டா என்னன்னு கேட்டேன். பக்கத்துல சாதாரணக் கதவு இருந்துது, இழுத்துப் பாருங்கப்பான்னா. இழுத்தேன், வரல. பசுமாட்டைக் குளத்துல இருந்து இழுக்க மாதிரி இருந்துது. அம்புட்டு உயரக் கட்டடம் குளுந்த காத்தை அடியில உறிஞ்சுது. உறிஞ்சல் கதவை உள்ள இழுத்துப் பிடிச்சுக்கிடுது. சுத்துற கதவு எப்பவும் திறந்த மாதிரியே தெரியும், ஆனா எப்பவும் மூடித்தான் இருக்கும். பிலடெல்பியாவுல வான் கானல்னு ஒருத்தர் 1888-லயே அதுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டாராம். நம்ம ஊர்ல எந்த ஜவுளிக் கடையில அதை வச்சாலும் பிள்ளைங்க தீபாவளி வரைக்கும் வெளிய வராது.

மவ வீட்டுல இன்னொரு கூத்து. ஒரு ஆள் வந்தான். வாசக்கதவைத் திறந்து, நிலைக்குச் சரியா ஒரு சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, அடியில ஒரு பெரிய ஃபேன் வச்சான். சன்னலை எல்லாம் சாத்தச் சொன்னான். அவனுக்கு வேர்க்குதோன்னு நினைச்சேன். வெளிய பனி கொட்டுது. ஃபேனைப் போட்டதும் வீட்டுக் காத்தை வெளிய இழுக்குது. உள்ள அழுத்தம் வெளியத்தவிட 50 பாஸ்கல் குறையுற வரைக்கும் வேகத்தை ஏத்தினான். 50 பாஸ்கல்னா நம்ம ட்யூப் லெவல்ல 5 மில்லிமீட்டர் தண்ணி, அவ்வளவுதான். அப்போ பாரும், வீடு முழுக்கப் பேசுது! சன்னல் ஓரத்துல முனகல், பரண் மூடிகிட்ட கூச்சல், சுவிட்சு பெட்டியில ஊதல். வீட்டுக்கு எத்தனை வாய்னு அன்னைக்குத்தான் பாத்தேன். அந்த அம்பதைக் குறையாம நிறுத்த ஃபேன் எம்புட்டுக் காத்தைத் தள்ளுதுன்னு பாத்து, மணிக்கு 6 தடவை வீட்டுக் காத்து மாறுதுன்னான். பழைய வீடு. அங்க ஆர்-2000-ன்னு ஒரு முத்திரை உண்டு, அதுக்கு 1.5-க்குள்ள இருக்கணும். ஜெர்மன்காரன் பேசிவ் ஹவுஸ்ங்கான், அதுக்கு 0.6. உம்ம வீட்டுக்கு அந்த ஃபேனை வச்சா, ஃபேன்தான் கையெடுத்துக் கும்பிடும்.

சரி, எந்நேரமும் யாரும் வாசல்ல ஃபேன் வச்சுட்டுக் குடியிருக்க மாட்டான். சாதாரண நாள்ல எம்புட்டுக் காத்து புகும்? அந்த ஆளு 6-ஐ 20-ஆல வகுத்து 0.3-ன்னான். இருபது எங்க இருந்து வந்துதுன்னு கேட்டேன், பழக்கம்னான். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நம்ம மேஸ்திரியும் சிமெண்டுக்கு மணல் எம்புட்டுன்னு கேட்டா அதையேதான் சொல்லுவான். கைக்கணக்கு மோசம் இல்ல வே, ஆனா அது காத்தடிக்கிற ஊருக்கும் அடிக்காத ஊருக்கும், ஒரு மாடிக்கும் மூணு மாடிக்கும் ஒரே பதிலைச் சொல்லும்.

இங்கனதான் கணக்குப் பிள்ளைகள் வாறாங்க. 1980-ல கலிபோர்னியாவுல, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல ஷெர்மன், கிரிம்ஸ்ரட்னு ரெண்டு பேர் ஒரு கணக்கு போட்டாங்க. வீட்டு ஓட்டை எல்லாத்தையும் கூட்டி ஒரே ஓட்டையா நினைச்சுக்கிடுவாங்க. அந்த ஃபேன் சோதனையில இருந்துதான் அது எத்தனை சதுர செ.மீ-ன்னு எடுப்பாங்க. சூட்டு வித்தியாசத்தால மட்டும் எம்புட்டுக் காத்து வரும், ஒரு கணக்கு. வெளிக் காத்து அடிக்கதால மட்டும் எம்புட்டு வரும், இன்னொரு கணக்கு. பொறவு ரெண்டையும் சேக்கணும். நீரு எப்படிச் சேப்பீரு? சூட்டால 3, காத்தால 4-ன்னு வையும். மொத்தம் எத்தனை?

ஏழுன்னு சொல்ல வாயைத் தொறந்தீரு, பாத்துட்டேன். அஞ்சு வே!

மாமனுக்குக் கிறுக்குன்னு நினைக்காதீரும். கூடுறது அழுத்தம்தான், காத்தோட அளவு இல்ல. நாலு மடங்கு அழுத்தம் குடுத்தா ஓட்டை வழியா நாலு மடங்கு காத்து வராது, ஏறக்குறைய ரெண்டு மடங்குதான் வரும். ஆகையால மூணை மூணாலயும் நாலை நாலாலயும் பெருக்கி, ஒம்பதும் பதினாறும் இருபத்தஞ்சு, அதுக்கு வர்க்கமூலம் எடுத்தா அஞ்சு. அது மட்டும் இல்ல, காத்து உள்ள தள்ளுற இடத்துலயே சூடு வெளிய தள்ளும். ஒண்ணு இன்னொண்ணோட காலை வாரும். நம்ம பங்காளி வீட்டுல ரெண்டு மருமவ ஒரே அடுப்படியில வேலை செய்தா ரெண்டு ஆள் வேலையா நடக்கு? அதேதான்.

அஞ்சேதான்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க. நூல் மாதிரி வெடிப்புல காத்து ஊர்ந்து வரும், கதவுச் சந்துல ஓடி வரும்; ரெண்டுக்கும் ஒரே வாய்பாடு செல்லாது. இதைச் சரிபாக்க ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டிக்காரங்க ஒரு வேலை செய்தாங்க. எட்மண்டன் பக்கத்துல பொட்டல் வெளியில ஆறு வீட்டை வரிசையாக் கட்டி, ஒரு ஆளையும் குடிவைக்காம, காத்து புகுறதை வருசக்கணக்கா அளந்தாங்க. ஆறு வீடு கட்டி யாரும் குடியிருக்கலங்கிறதைக் கேட்டு நான் நெஞ்சைப் பிடிச்சுட்டேன். ஆனா அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. காத்து வரிசைக்குக் குறுக்க அடிச்சா எல்லா வீடும் அடி வாங்கும். வரிசை நெடுக அடிச்சா முதல் வீடு வாங்கும், நடுவுல இருக்கவன் பக்கத்து வீட்டு முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடுவான். வாக்கர், வில்சன்னு ரெண்டு பேர் அங்க போட்ட கணக்குல அந்த மறைப்புக்கும் ஒரு இடம் உண்டு. புகைக்கூண்டுக்குத் தனியா ஒரு இடம் உண்டு.

இப்போ உம்ம வீட்டுக்கு வாரும். உமக்கு மேற்க யாரு மறைப்பு? பனை நாலு, காத்தாடி நாப்பது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ல மலை ரெண்டாப் பிரிஞ்சு வாயைத் தொறந்து வச்சிருக்கு. வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் தென்மேற்குக் காத்து அந்த வாய் வழியாத்தான் நம்மளைப் பாத்து ஊதும். முப்பந்தல்ல கம்பெனிக்காரன் கோடி கோடியாக் கொட்டிக் காத்தாடி நட்டது அதுக்குத்தான். அவன் காத்தை விலைக்கு விக்கான். நீரு அதே காத்துக்குப் பால்கனிக் கதவைக் காட்டிட்டு நிக்கீரு.

செகண்டுக்கு 10 மீட்டர் காத்து, நம்ம டிவிஎஸ் 50 முக்கிட்டுப் போற வேகம். அது நேர மோதி நின்னா 60 பாஸ்கல். ஒரு சதுர மீட்டருக்கு 6 கிலோ. உம்ம கதவு ரெண்டு சதுர மீட்டர். ஒரு அரிசிச் சிப்பம் பாதி சாஞ்ச மாதிரி. அதுல பாதிக்கு மேல முன் சுவரைத் தள்ளும். பின் சுவர்ல தள்ளாது, உறிஞ்சும். முன்ன இருந்து ஒருத்தன் தள்ள, பின்ன இருந்து ஒருத்தன் இழுக்க, நடுவுல உம்ம ஏசிக் காத்து என்ன செய்யும்? வேகம் பாதியாக் குறைஞ்சா தள்ளும் பாதியாகும்னு நினைப்பீரு. கால்தான் ஆகும், 15 பாஸ்கல். அந்தக் காலே சித்திரைச் சூடு குடுக்கிற மூணைப் போல அஞ்சு மடங்கு. எட்மண்டன்காரனுக்குச் சூடு மாமியார், காத்து நாத்தனார். உமக்கு நாத்தனார்தான் மாமியாரு. அவன் புஸ்தகத்தை அப்படியே எடுத்து இங்க வச்சு, மாடிக் கதவை மட்டும் அடைச்சா ஆடியில பிரயோசனம் இல்ல. முதல்ல மேற்குப் பக்கம்.

குளிரு மட்டும் போனா சரின்னு விட்டிருப்பேன். நேத்து ஏசி தண்ணி சொட்டுற குழாய்க்கு ஒரு வாளி வச்சேன். வெளிய 30 டிகிரி, ஈரம் 75 சதவீதம்னா, ஒரு கன மீட்டர் காத்துல 23 கிராம் தண்ணி கரைஞ்சு கிடக்கும். உம்ம 24 டிகிரி ரூம்ல 12 கிராம்தான் நிக்கும். மிச்சத்தை ஏசி பிழிஞ்சு எடுக்கணும். மணிக்கு 55 கன மீட்டர் புகுந்தா அரை லிட்டருக்கு மேல தண்ணி! ஏசியோட பாதிச் சீவன் வேட்டி பிழியுறதுலயே போவுது. அந்த ஒரு சந்துக்காக மட்டும் ஒரு டன்ல ஏழுல ஒரு பங்கை அழுவுதீரு. இப்படி இன்னும் நாலு சந்து இருந்தா 2 டன் கடைக்காரன் உமக்கு மாலை போட்டு வரவேப்பான்.

இன்னொண்ணு. ஹால்ல பாத்ரூம் நாத்தம் வருதுன்னு பிளம்பரை மூணு தடவை கூப்பிட்டீரு, வாஸ்துக்காரரை ஒரு தடவை. அவரு ஈசான மூலையில ஒரு தொட்டி வைக்கச் சொல்லிட்டுப் போயிட்டாரு. நாத்தம் எப்போ வருதுன்னு யாராவது பாத்தீங்களா? மருமவ மீன் பொரிக்க சிம்னியைப் போடுதப்போ. அது மணிக்கு 1,200 கன மீட்டர் இழுக்கும்னு பெட்டியிலயே எழுதியிருக்கு. உம்ம வீடு மொத்தமே 300. ஏசி போட்டு எல்லாச் சன்னலையும் அடைச்சாச்சு. அது எங்க இருந்து இழுக்கும்? கூப்பிட்ட இடத்துல இருந்து இல்ல, கிடைச்ச இடத்துல இருந்து. ஆள் புழங்காத கீழ் பாத்ரூம் தரைக்குழியில தண்ணி வத்திக் கிடக்கு, அது வழியா வருது. ஒரு செம்பு தண்ணி ஊத்தும், அடுப்படிச் சன்னல ஒரு சாண் தொறந்து விடும். வாஸ்துக்காரர்கிட்ட சொல்லாதீரும், அவரு தொழில் நடக்கட்டும்.

இம்புட்டும் கேட்டுட்டு நாளைக்கே சிலிக்கான் துப்பாக்கியைத் தூக்கிட்டு எல்லா ஓட்டையையும் அடைச்சிரப் போறீரு, எனக்குத் தெரியும். உம்ம சுபாவம் அப்படி. குடிச்சா குடம், இல்லன்னா பட்டினி. அந்த ரூமை டப்பா மாதிரி அடைச்சுட்டு ரெண்டு பேர் படுத்தா, மூச்சுக் காத்துல வர்ற கார்பன் டை ஆக்சைடு மணிக்கு 700 பிபிஎம் கூடிட்டே போவும். வெளிக் காத்துல மொத்தமே 420-தான். விடியக்காலம் எந்திரிச்சா தலை பாரமா இருக்கும், அதுக்கு நீரு மாமன் வந்து கண்ணு வச்சிட்டாருன்னு சொல்லுவீரு. அடைக்கிறதை எல்லாம் அடைச்சிட்டு, மூச்சுக்கு நாம சொன்ன இடத்துல, நாம சொன்ன அளவுக்கு ஒரு வழி விடணும். கிழக்க, காத்து மறைவுல, அந்த வெண்டிலேட்டர்ல அட்டையை எடுத்துட்டு மூடித் திறக்க மாதிரி ஒரு கண்ணாடி போடும். நம்ம தாத்தா காலத்து வீட்டுல முற்றமும் வெண்டிலேட்டரும் வச்சது காத்து போகட்டும்னுதான். அவங்க குளிரை விலைக்கு வாங்கல. நீரு விலைக்கு வாங்கிட்டு, ஓட்டையை மட்டும் தாத்தா சொத்துன்னு வச்சிருக்கீரு.

பால்கனிக் கதவுக்கு ரப்பர் பீடிங்கும் அடியில பிரஷ் பட்டையும் வாங்கிட்டு வாரும், வள்ளியூர்ல கிடைக்கும். ஏசி குழாய் ஓட்டையில பேப்பரை உருவிட்டு ஃபோம் அடிக்கச் சொல்லும். ஹெட்ரூம் கதவைச் சித்திரைக்கு முன்ன பாத்துக்கிடலாம், பூனைக்கும் அவகாசம் வேணும்லா.

கடைக்குப் போறதுக்கு முன்ன ஒரு காரியம். இன்னைக்கு ராத்திரியும் நான் அங்கனயே படுத்துக்கிடுதேன். உங்க அம்மாவோட பழைய சேலை ஒண்ணைத் திரிச்சு அந்தக் கதவுச் சந்துல வையும். ஏசி அதே 24-ல ஓடட்டும். நேத்து ராத்திரி பத்து மணியில இருந்து காலையில ஆறு வரைக்கும் சொட்டின தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சுன்னு வாளியில கரிக்கட்டையால ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன். மருமவ துணி அலசிக் கோட்டை அழிச்சிராம பாத்துக்கிடும்.